இரண்டு ரூபாய் இட்லியும் காவடி நூடுல்ஸும்

ஆம்பூரில் பிரியாணிக் கடைக்குள் நுழைகிறவன் விலையைக் கேட்க மாட்டான். "தம் உடைச்சாச்சா?" என்றுதான் கேட்பான். தேக்சா திறந்த அரை மணி நேரத்துக்குள் இலையில் விழுந்தால் அது ஒரு சாப்பாடு. மூன்று மணிக்கு அடி வழித்துப் போட்டால் அதே சீரகச் சம்பா, அதே கறி, ஆனால் வேறு சாப்பாடு. இந்தப் பழக்கத்தோடு ஏர்போர்ட் லவுஞ்சுகளில் சாப்பிட ஆரம்பித்தவன் நான். லவுஞ்ச் சாப்பாட்டுக்கு நான் போடும் மதிப்பெண்ணில் கொஞ்சம் ஊர்ப்புத்தி கலந்திருக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோல் பதனிடும் டேனரி ஒன்றில் ஏற்றுமதிப் பிரிவில் 19 வருடமாக வேலை. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தோல் மாதிரித் துண்டுகள் ஒட்டிய ஸ்வாட்ச் புத்தகங்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு முதலாளியுடன் கிளம்புவேன். முதலாளியை ஊரே பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். பணம் இருக்கிறது, ஆனால் டிக்கெட் எப்போதும் எகானமிதான். "எந்த சீட்ல உக்காந்தாலும் ஒரே நேரத்துக்குத்தானே இறங்கப் போறோம், தம்பி" என்பார். அத்தனை வருடம் எகானமியில் பறந்தே, ஹாங்காங் விமான கம்பெனியான கேத்தே பசிபிக்கில் கோல்டு அட்டை சேர்த்துவிட்டார். அந்த அட்டைக்கு லவுஞ்சுக்குள் ஒரு விருந்தாளியைக் கூட்டிப் போகலாம். அந்த விருந்தாளி நான்.

ஹாங்காங் லவுஞ்சைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் நம் பக்கத்து லவுஞ்ச் ஒன்றைச் சொல்லாவிட்டால் ஒப்பிட ஆள் இருக்காது. எந்த ஊர், யார் நடத்துவது என்பதெல்லாம் வேண்டாம். வங்கிக் கார்டைத் தேய்த்தால் இரண்டு ரூபாய் பிடித்துக்கொண்டு உள்ளே விடும் வகை. விடியற்காலை நாலரை மணிக்கு வாசலில் வரிசை. முன்னால் நின்ற குடும்பத்தில் ஆளுக்கொரு கார்டு, பாட்டி கையிலும் ஒன்று. உள்ளே போனால் நாற்காலி கிடைத்தவர் எழுந்து போக மறுக்கிறார், தட்டு எடுக்கப் போனால் இடம் போய்விடும் என்ற பயம்.

இட்லி வைத்திருந்த எவர்சில்வர் பெட்டியின் மூடியைத் திறந்தேன். மூடியின் உள்பக்கம் தேங்கியிருந்த ஆவித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இட்லி மேலேயே விழுந்தது. நடுவில் நனைந்து கொழகொழ, ஓரத்தில் காய்ந்து ரப்பர். ஒரே இட்லியில் இரண்டும். சாம்பார் மேல் ஆடை கட்டியிருந்தது; கரண்டியை விட்டதும் அந்த ஆடை அப்படியே மடிந்து, ஈரத்தோல் மாதிரி கரண்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்கு வேலை ஞாபகம் வந்துவிட்டது, சாப்பிட முடியவில்லை. உப்புமாவை நிரப்ப வந்த பையன் பழையதை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைக் கொட்டினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பார்கள்.

இந்த மாதிரி இடங்களில் உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று கார்டு தரப்பிலிருந்து லவுஞ்ச் நடத்துகிறவருக்குப் பணம் வருகிறது. நாம் ஒரு காபி குடித்தாலும் அதே பணம், நாலு தட்டு சாப்பிட்டாலும் அதே பணம். அப்படியானால் நடத்துகிறவர் எங்கே கைவைப்பார் என்பது வியாபாரம் தெரிந்த யாருக்கும் புரியும். விமான கம்பெனி தன் சொந்த ஊரில் தானே வைத்திருக்கும் லவுஞ்சின் கணக்கு வேறு. வந்தவன் அடுத்த டிக்கெட்டையும் தன்னிடமே போட வேண்டும் என்பது அதன் கவலை.

சரி, ஹாங்காங்குக்கு வருவோம்.

2025 மார்ச் மாதத் தோல் கண்காட்சி, வான்சாயில் கடலோரத்து மாநாட்டு மையத்தில் நடந்தது. ரமலான் மாதத்தில் விழுந்துவிட்டது. பயணத்தில் இருப்பவருக்கு நோன்பில் சலுகை உண்டு, பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பாய்தான் எனக்கு முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில்லை. பகல் முழுக்க ஸ்டாலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டே, தான் ஒரு சொட்டு குடிக்காமல் பேசினார். கடைசி நாள் கடையைக் கட்டிவிட்டு ஹாங்காங் ஸ்டேஷனில் பெட்டியைப் போட்டோம். விமான நிலையத்துக்குப் போகாமலே ஊருக்குள் அங்கேயே செக்-இன் செய்து பெட்டியை ஒப்படைத்துவிடலாம். 23 கிலோ தோல் மாதிரியைத் தூக்கித் திரிகிறவனுக்கு அதன் அருமை தெரியும். அங்கிருந்து ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் 24 நிமிடம்.

கேத்தேக்கு அந்த விமான நிலையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட லவுஞ்ச் உண்டு. நாங்கள் போவது 65-ஆம் கேட் பக்கத்தில் இருக்கும் 'தி பியர்'. தூரம்தான், போகும் வழியில் நடை உண்டு. வாசலிலிருந்து எஸ்கலேட்டரில் கீழே இறங்க வேண்டும். உள்ளே ஒரே பெரிய ஹால் கிடையாது. நீளமாக, அறை அறையாகப் போகும். நூடுல்ஸுக்கு ஓர் இடம், தேநீருக்கு ஓர் இடம், தட்டில் எடுத்துப் போட்டுச் சாப்பிட ஓர் இடம், பார் ஒன்று. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே விமானங்கள். பாய் உட்காரும் முன் நாற்காலிக் கைப்பிடியைக் கட்டைவிரலால் அழுத்தி, மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டார். எங்கே போனாலும் எங்கள் இருவருக்கும் இந்த வியாதி உண்டு. சலூன் நாற்காலியையும் விட மாட்டோம்.

மணி ஐந்தேகால். ஹாங்காங்கில் மார்ச் நடுவில் சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் மறைகிறது. பாய் மொபைலில் நேரத்தைப் பார்த்துவிட்டுத் துண்டு வாங்கிக்கொண்டு குளிக்கப் போனார். ஷவர் அறைகள் உள்ளேயே இருக்கின்றன. போகும்போதே, "நீ சாப்பிடுப்பா, எனக்காகக் காயாதே" என்றார். நான் அவர் எதிரே சாப்பிட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் குளிக்கப் போகிறார் என்று எனக்கும் தெரியும்.

நேராக நூடுல்ஸ் கவுன்ட்டருக்குப் போனேன். இந்த லவுஞ்சில் நான் மதிப்பெண் போடுவதே இந்த ஓர் இடத்துக்காகத்தான். வரிசையாகத் தட்டுகள் இல்லை, மூடிகள் இல்லை. கவுன்ட்டரில் நின்று என்ன வேண்டும் என்று சொல்ல வேண்டும். கையில் ஒரு பஸரைக் கொடுப்பார்கள். தயாரானதும் அது கையில் அதிரும், போய் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லாம் இவ்வளவுதான். ஆனால் நாம் கேட்ட பிறகுதான் நூடுல்ஸ் வெந்நீருக்குள் இறங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதலில் வான்டன் நூடுல்ஸ், அதாவது இறாலை வைத்து மடித்த மெல்லிய மாவுக் கொழுக்கட்டையும் நூடுல்ஸும் சூப்பில். மெல்லிய மஞ்சள் நூல் மாதிரி முட்டை நூடுல்ஸ். மாவில் காரத் தண்ணீர் (மிளகாய்க் காரம் இல்லை, ஆல்கலி) சேர்த்துப் பிசைவதால்தான் அந்த மஞ்சளும், கடித்தால் திமிறும் அந்த விறைப்பும் வருகிறது. தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, காரம் பட்டால் ஒரு பொருளின் தன்மையே மாறும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த நூடுல்ஸ் சூப்பில் ஊற ஆரம்பித்தால் கெட்டது. கிண்ணம் மேசைக்கு வந்த ஐந்து நிமிடத்தில் முடித்துவிட வேண்டும், பேச்சு பிறகு. வான்டன் என்பதைக் கான்டன் மொழியில் எழுதும் எழுத்துகளுக்கு 'மேகத்தை விழுங்குவது' என்று பொருள் வருமாம், எங்கள் ஹாங்காங் ஏஜென்ட் எப்போதோ சொன்னது. சூப்பில் மிதக்கும்போது அதன் மெல்லிய வால் பகுதி அலையும், பார்த்தால் நியாயமான பெயராகத்தான் தெரிகிறது. உள்ளே கடித்தால் இறால் 'நறுக்'கென்று உடைகிறது. சூப்பின் வாசனையை நம் ஊர் ஆளுக்குச் சொல்வதானால், கருவாட்டுக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி நின்றால் வருமே, அந்த அளவு கடல். ஹாங்காங் கடைகளில் இந்தச் சூப்புக்குக் காய்ந்த மீனைப் போடுவது வழக்கம்.

கிண்ணம் பெரிதில்லை, கை அளவுதான். எனக்கு அதில் குறையில்லை. சின்னதாக இருப்பதால்தான் கடைசி வாய் வரை சூடு நிற்கிறது. போதாவிட்டால் இன்னொன்று கேட்கலாம், முகம் சுளிப்பவர் யாரும் இல்லை. பக்கத்தில் மூங்கில் கூடையில் பாவ், டிம்சம் எல்லாம் ஆவியில் வெந்துகொண்டிருக்கும். அவற்றில் பெரும்பாலும் பன்றி இறைச்சி உண்டு. தேவையில்லாதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் பன்றி சாப்பிட்டதில்லை. ஹாங்காங் வந்து போனதில் பழகியது. பாய்க்குத் தெரியும். 19 வருடத்தில் ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் அவர் மேசையில் அந்தக் கிண்ணத்தை வைத்ததில்லை. லவுஞ்ச் அறை அறையாக இருப்பது எங்கள் இருவருக்கும் வசதி.

சைவம் சாப்பிடுகிறவர்கள் 'எனக்கு அங்கே என்ன?' என்று கேட்பீர்கள். நூடுல்ஸிலும் சைவ வகை சொல்லிக் கேட்கலாம். ஆனால் சூப்பு எதில் கொதித்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் சீனச் சமையலில் மேலே காய்கறி மிதந்தால் அடியிலும் காய்கறிதான் என்று அர்த்தமில்லை. இன்னொரு பக்கம் ரொட்டி, சீஸ், சாலட், பழம், சில சூடான பதார்த்தங்கள் இருக்கும். அந்தப் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்தில் எந்த நல்ல லவுஞ்சிலும் கிடைக்கக்கூடியது, அதற்காக 65-ஆம் கேட் வரை நடக்கச் சொல்ல மாட்டேன். நெல்லிக்காய் ஊறுகாய் பாக்கெட் ஒன்று பையில் இருந்தால் தயிரும் ரொட்டியும் வேறு கதை. நான் வைத்திருப்பேன். விமான நிலையச் சோதனையில் அதைத் திரவம் என்று பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க 100 மில்லிக்குக் குறைவான சின்ன பாக்கெட்டாகப் பாருங்கள்.

ஆறு மணிக்குப் பாய் குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். தேநீர் அறைக்குப் போனோம். வெளிச்சம் குறைவு, சத்தம் குறைவு. சீனத் தேயிலைகளின் பட்டியலில் ஒன்றைக் காட்டினால், அங்கே இருக்கும் பெண் வெந்நீர் ஊற்றி, தயாரித்து, சின்னக் குடுவையில் கொண்டுவந்து வைப்பார். பாய் ஊலாங் சொல்லிவிட்டு, "ஆறரைக்குப் பிறகு" என்று கடிகாரத்தைக் காட்டினார். அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

பாய் பேச்சு கொடுத்தார். அவர் முதன்முதலில் இந்த ஊருக்கு வந்தபோது இந்த விமான நிலையமே இல்லை. 1998 ஜூலையில்தான் செக் லாப் கோக் தீவில் இதைத் திறந்தார்கள். அதற்கு முன்பு ஊருக்கு நடுவே கை டாக் என்ற பழைய விமான நிலையம். விமானம் குடியிருப்புகளுக்கு மேலே தாழப் பறந்து, கடைசி நொடியில் வலது பக்கம் ஒடித்துத் திரும்பித்தான் இறங்கும். "மாடியில காயப்போட்ட துணி கண்ணுக்குத் தெரியும் தம்பி. நான் கலிமா சொல்லிக்கிட்டே இறங்கினேன்." அப்போது லவுஞ்ச் கிஞ்ச் எதுவும் தெரியாது, வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்த ரொட்டியையும் கீமாவையும் மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

நான் எழுந்துபோய் இரண்டு டம்ளர் கேத்தே டிலைட் வாங்கிவந்தேன். இந்த ஏர்லைன்ஸின் சொந்தப் பானம், மது கலக்காதது. கிவிப் பழச்சாறு, தேங்காய்ப் பால், கொஞ்சம் புதினா. வெளிறிய பச்சை, மேலே ஒரு புதினா இலை. கேட்கும்போது நம் ஆள் யாரும் நம்ப மாட்டான். தேங்காய்ப் பாலும் புளிப்புப் பழமும் சேர்ந்தால் திரிந்துபோகாதா என்று என் மனைவி கேட்டாள். திரியவில்லை. ஆப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப் பாலை நினைத்துக்கொள்ளுங்கள், அதில் ஏலக்காய் இருக்கும் இடத்தில் புதினாவும், சர்க்கரை இருக்கும் இடத்தில் ஒரு புளிப்பும். முதல் வாய் விசித்திரம், மூன்றாவது வாயில் பழகிவிடும். பார் பக்கம் இருப்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பாயுடன் வரும்போது நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

நேரம் வந்ததும் பாய் சட்டைப் பையிலிருந்து சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். மூன்று பேரீச்சம்பழம். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். வாய்க்குள் ஏதோ சொல்லிவிட்டு ஒன்றைக் கடித்தார், தண்ணீர் குடித்தார், பிறகு அந்தப் பச்சைப் பானத்தை ஒரே மூச்சில் முக்கால்வாசி காலி செய்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அதை ஒரு நிமிடம் பார்த்தார்.

"இதுல கொஞ்சம் ரோஸ் எசென்ஸ், சப்ஜா விதை போட்டா நம்ம ஊர் பள்ளிவாசல்ல ஓடும்."

அவர் வாயிலிருந்து ஒரு பானத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வந்து நான் கேட்டதில்லை. சொன்ன நேரத்துக்கு அந்தப் பெண் ஊலாங்கைக் கொண்டுவந்து வைத்தார். மணி ஆறு முப்பத்தைந்து. கடிகாரத்தைக் காட்டியது புரிந்திருக்கிறது. பால் இல்லை, சர்க்கரை இல்லை, இளம் மஞ்சள் தண்ணீர். முதல் தடவை இதைக் குடித்தபோது ஏமாந்தேன், நமக்கு டீ என்றால் தொண்டையில் பிடிக்க வேண்டும். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. நெல் அவிக்கும் வாசனையில் தொடங்கி, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு இனிப்பு நிற்கிறது. பாய் ரொட்டி, முட்டை, பழம் என்று ஒரு தட்டில் எடுத்துவந்து வைத்துக்கொண்டு, ஊரில் இந்நேரம் நோன்புக் கஞ்சிச் சட்டி காலியாகியிருக்காது, அங்கே இன்னும் நாலு மணிதான் என்றார். நம்மைவிட ஹாங்காங் இரண்டரை மணி நேரம் முன்னால்.

மக்ரிப் தொழுதுவிட்டு வருகிறேன் என்று அவர் எழுந்து போனதும் மறுபடி நூடுல்ஸ் கவுன்ட்டருக்குப் போய் டான்டான் ஒன்று சொல்லிவைத்தேன். இதுதான் எனக்கு இந்த லவுஞ்சிலேயே பிடித்தது. சீனாவின் சிச்சுவான் பக்கத்துப் பண்டம். இரண்டு முனையிலும் கூடை தொங்கும் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் விற்றார்கள், அந்தக் கம்பின் பெயர்தான் நூடுல்ஸுக்கு நின்றுவிட்டது. ஒரு கூடையில் நூடுல்ஸும் சட்னியும், இன்னொன்றில் அடுப்பு. அதாவது காவடி நூடுல்ஸ். ஊரூராகச் சுமந்து திரிந்தவன்கூடக் கேட்ட பிறகுதான் வேகவைத்துக் கொடுத்திருக்கிறான் என்று இதைக் கேட்டபோது தோன்றியது. ஏசி அறையில் கரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு உப்புமாவை ஆறவிடுகிறவர்களை என்ன சொல்ல?

ஹாங்காங்காரர்கள் இதைச் சூப்போடு செய்கிறார்கள். மேலே மிளகாய் எண்ணெய் சிவப்பாக மிதக்கும், பார்த்தால் பயம் வரும். வாய்க்குள் போனால் வேர்க்கடலையும் எள்ளும்தான் முன்னால் நிற்கும், எள்ளுப்பொடியைக் குழைத்துச் சூப்பாக்கியது மாதிரி. காரம் பின்னாலேயே வந்து தொண்டையில் லேசாகத் தட்டும். வேலூர் மாவட்டத்தில் வளர்ந்த நாக்குக்கு அது காரமே இல்லை, ஆனால் விமானம் ஏறப் போகிறவன் வயிற்றுக்கு அதுதான் சரி. இந்தக் கிண்ணத்தைக் கடைசி நூடுல்ஸோடு விட்டுவிடாதீர்கள், அடியில் தங்கும் கடலையும் கறியும் கலந்த வண்டலைக் கரண்டியால் எடுங்கள்.

பஸரைப் பையில் போட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் பாய் திரும்பிவிட்டார். எதிரே உட்கார்ந்து, மிச்சமிருந்த ஊலாங்கை ஊற்றிக்கொண்டு, கண்காட்சியில் வந்த இத்தாலிக்காரர் கேட்ட விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் 'ஆமாம் பாய், ஆமாம் பாய்' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பேன்ட் பைக்குள் அது அதிர்ந்தது. நான் அசையவில்லை. மறுபடி அதிர்ந்தது. அமைதியான அறை, சத்தம் நன்றாகவே கேட்டது.

பாய் டீயிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போய்ட்டு வா தம்பி. ஆறிடப் போகுது."